கரண்ட் வைக்கும் முன்: கதிர்வீச்சுத் துறைத் தலைவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும் கதிர்வீச்சு சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

லினாக் என்னும் கதிர்வீச்சு மெஷின் இருக்கும் அறைக்குள் நோயாளியைப் படுக்க வைத்து, லேசர் கோட்டுக்கு நேராக நகர்த்திச் சரிபார்த்து, கதவை மூடிவிட்டு வெளியே வந்து பட்டனை அழுத்துகிறவர்களில் நானும் ஒருவன். எங்களை டெக்னீஷியன் என்பீர்கள், டெக்னாலஜிஸ்ட் என்பீர்கள். நோயாளிகளுக்கு நாங்கள் 'கரண்ட் வைக்கிற தம்பி'. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக வருகிற பெரியவர்களை நாம் படுக்க வைக்கும் விதத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. துறைக் கூட்டங்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. இன்றைக்கு எத்தனை பேர் முடிந்தது, மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மெஷின் வேண்டாம். அந்த அறைக்கு வெளியே நோயாளி காத்திருக்கும் ஒரு மணி நேரத்தைச் சிகிச்சையின் பகுதியாக நினைத்து ஒழுங்குபடுத்தித் தாருங்கள். அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போகும் உடற்கூறு உங்களுக்குப் பழைய பாடம். ஆனால் இது திறந்த மடல். நோயாளிகளின் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. எலும்போடு ஒட்டியிருக்கும் உறுப்பு அல்ல. மலக்குடலில் மலமோ வாயுவோ சேர்ந்தால் அது முன்னால் தள்ளப்படும். சில நாட்களில் இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தாண்டும். நாம் கதிர் செலுத்தும் எல்லையை வரையும்போது சுரப்பியைச் சுற்றிப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர்தான் கூடுதலாக விடுகிறோம். பின்பக்கம் மலக்குடல் இருப்பதால் அங்கே இன்னும் குறைத்துவிடுகிறோம். ஆக, காலையில் வயிறு சரியாகப் போகாத ஒரே காரணத்தால் சுரப்பியின் ஒரு ஓரம் கதிருக்கு வெளியே நிற்கலாம், மலக்குடலின் முன்சுவர் உள்ளே வந்துவிடலாம்.

இது தோலில் தெரியாது என்பதுதான் சிக்கல். சிமுலேஷன் அன்று, அதாவது சிகிச்சைக்கு முன் படுக்கும் நிலையை முடிவுசெய்து பிளானிங் சி.டி. படம் எடுக்கும் நாளில், வயிற்றின் முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று புள்ளிகள் வைக்கிறோம். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அந்தப் புள்ளிகளில் கச்சிதமாக விழுந்துவிட்டால் 'செட்டப் ஓ.கே.' என்கிறோம். ஆனால் அந்த மூன்று புள்ளிகளும் தோலின் கதையைத்தான் சொல்லும். கோன் பீம் சி.டி. (சிகிச்சை மெஷினிலேயே எடுக்கும் உள்படம்) எடுத்துப் பார்த்தால் சில நாள் உள்ளே வேறு கதை ஓடும். புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். மலக்குடல் காற்றால் உப்பிக் கறுப்பாகத் தெரியும். சுரப்பி முன்னால் ஏறி நிற்கும். சிறுநீர்ப்பை பாதிகூட நிறைந்திருக்காது, அதனால் சிறுகுடல் கீழே இறங்கிக் கதிரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

படம் பார்த்துக் கட்டிலை நகர்த்திக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நகர்த்தலாம், தினமும் நகர்த்துகிறோம். சுரப்பி முழுசாக இடம் மாறியிருந்தால் அது போதும். வடிவம் மாறியிருந்தால் கட்டில் என்ன செய்யும்? இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துக் கதிர் கொடுக்கும் நோயாளியிடம் இது இன்னும் மோசம். கணுக்கள் எலும்பையும் ரத்தக்குழாயையும் ஒட்டியே இருக்கும், சுரப்பி மட்டும் தன் இஷ்டத்துக்கு நகரும். சுரப்பிக்காகக் கட்டிலை நகர்த்தினால் கணுக்கள் விலகும், கணுக்களுக்காக விட்டால் சுரப்பி விலகும். அந்த நேரத்தில் கன்சோலில், அதாவது வெளியிலிருந்து மெஷினை இயக்கும் மேசையில், இருக்கும் பையனுக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பெரியவரை எழுப்பி, கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அவன் அதைச் செய்வானா?

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது.

செய்யாறிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ சென்னைக்கு விடியற்காலை பஸ் ஏறி வருகிற அறுபத்தைந்து, எழுபது வயது மனிதரை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே அடிக்கடி சிறுநீர் வருகிற தொல்லை. பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. அதனால் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். வியர்த்து விறுவிறுத்து நம் வாசலுக்கு வரும்போது உடம்பு காய்ந்து கிடக்கும். நாம் அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, 'குடிச்சிட்டு முக்கால் மணி நேரம் உக்காருங்க ஐயா' என்கிறோம். காய்ந்த உடம்பு அந்தத் தண்ணீரை முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளும். முக்கால் மணி கழித்துப் படம் எடுத்தால் பையில் ஒன்றும் இருக்காது. அக்னி நட்சத்திரக் காலத்தில் இது அன்றாடக் காட்சி. அப்புறம் அவரைத்தான் கேட்கிறோம்: 'தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?' அவர் குடித்தார். நாம்தான் முதல் நாளே சொல்லவில்லை: தண்ணீர்க் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவது இல்லை, முந்தின நாளிலிருந்தே வழக்கம்போலக் குடித்துவர வேண்டும் என்று.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பக்கத்துத் தெருக்காரர், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, தனக்குச் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்திருப்பார். மெஷின் அரை மணி நேரம் நின்றுபோகும். அல்லது நடுவில் 'டீன் ஆபீஸிலிருந்து சொன்னாங்க' என்று ஒருவரைக் கூட்டி வருவார்கள். (இந்த 'சொன்னாங்க' மட்டும் எந்த மெஷின் ரிப்பேரானாலும் ரிப்பேராவதே இல்லை.) பெரியவர் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் தாங்காமல் எழுந்து போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். மறுபடி பாட்டில், மறுபடி காத்திருப்பு. சில பேர் வேட்டியிலேயே போய்விடுவதும் உண்டு. தன் மகன் வயதுள்ளவர்கள் நடுவில் ஈர வேட்டியோடு நிற்கும் மனிதரின் முகத்தை எந்த நிர்வாக அறிக்கையிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மறுநாள் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தேன் என்று சொல்வார். எந்தத் திட்டப் படத்தை வைத்துப் பிசிசிஸ்ட் (கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர்) இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டாரோ, அந்தப் படத்துக்கும் இந்த உடம்புக்கும் அன்றோடு சம்பந்தம் அறுந்துவிடும்.

சுரப்பியை அறுவை செய்து எடுத்த பிறகு கதிருக்கு வருகிறவர்களில் பலருக்குச் சிறுநீரை அடக்கவே முடியாது. அவர்களுக்கும் அதே அரை லிட்டர் விதியைப் படித்துக் காட்டுகிறோம். இவர்களுக்குத் தனி ஏற்பாட்டை டாக்டர்தான் யோசித்து எழுத வேண்டும். எவ்வளவு நிறைந்தால் போதும், எது நடக்கும் எது நடக்காது என்று சிமுலேஷனுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அதைக் கன்சோலில் வந்து எங்கள் தலையில் கட்டக் கூடாது.

சிமுலேஷன் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற நாட்களின் பிசகு ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால் என்று போய் ஓரளவு சமனாகிவிடும். பிளானிங் சி.டி. அன்றைய பிசகு அப்படி இல்லை. அன்று மலக்குடல் உப்பியிருந்தால், சுரப்பி இல்லாத இடத்தில் சுரப்பியை வரைந்து, சிகிச்சை முடியும்வரை தினமும் அந்த இடத்துக்குக் குறிவைக்கிறோம். ஹூஸ்டனில் இருக்கும் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையிலிருந்து 2005இல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. பிளானிங் படத்தில் மலக்குடல் விரிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம். அது தினமும் உள்ளே படம் பார்க்காமல் சிகிச்சை கொடுத்த காலம். தினசரிப் படம் வந்தபிறகு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்ததாக அடுத்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நல்லது. ஆனால் நம்மிடம் எல்லா மையங்களிலும், எல்லா நோயாளிக்கும், எல்லா நாளும் கோன் பீம் எடுக்கிறோமா? உங்கள் மையத்தின் பதில் உங்களுக்கே தெரியும். அதனால் பிளானிங் அன்று குடல் உப்பியிருந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேலையை ஓட்டாதீர்கள். ஆளை இறக்கி, வயிற்றைச் சரிசெய்து, மறுபடி எடுங்கள். அன்றைக்கே முடியாவிட்டால் நாளைக்கு. சி.டி. அறைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அதேபோல அன்றைக்குச் சிறுநீர்ப்பையை முட்ட முட்ட நிரப்பிப் படம் எடுப்பதும் வேண்டாம். படம் பார்க்க அழகாக இருக்கும், குடலெல்லாம் மேலே ஏறி நிற்கும். ஆனால் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கதிரின் எரிச்சலால் பை பழையபடி தாங்காது. முதல் நாளின் அளவை அந்த மனிதர் மறுபடி எட்டவே மாட்டார். 'கொஞ்சம் முட்டுது, ஆனா அடக்க முடியும்' என்று அவரே சொல்கிற அளவுதான் கடைசி நாள்வரை கைகொடுக்கும்.

மல்லாக்கவா, குப்புறவா என்ற பழைய சர்ச்சை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. குப்புறப் படுக்க வைத்தால் மலக்குடலிலிருந்து சுரப்பி விலகும் என்று முன்பு சொன்னார்கள். டொரன்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். குப்புறப் படுத்தவர்களுக்குச் சுரப்பியின் அசைவு அதிகமாக இருந்தது, மல்லாந்து படுப்பதே நோயாளிகளுக்கும் வசதியாக இருந்தது. மூச்சு விடும்போது வயிறு கட்டிலில் அழுந்தி எழுவது உள்ளே வரைக்கும் போகிறது. சரி, மல்லாக்கத்தான். ஆனால் மல்லாக்கப் படுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் வைக்கும் தாங்கி சிமுலேஷன் அன்று ஒரு அளவு, மெஷினில் வேறு அளவு என்றால் இடுப்பு சாய்ந்துவிடும். சாய்வைச் சரிசெய்யும் கட்டில் எல்லோரிடமும் இல்லை. இருக்கிற கட்டிலும் மூன்று டிகிரி அளவுக்குத்தான் சாயும். சி.டி. அறையிலும் மெஷின் அறையிலும் ஒரே தாங்கி, கட்டிலில் ஒரே துளையில் மாட்டியது என்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஆகும் செலவை உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அரைஞாண் கயிறும் இதில் வரும். வெள்ளி அரைஞாணைச் சிமுலேஷன் அன்று கழற்றச் சொன்னால் சிலர் மறுப்பார்கள். வற்புறுத்தினால் மேலே ஏற்றி விட்டுக்கொள்வார்கள். உலோகம் படத்தில் கோடு கோடாக விழும்; முன்புள்ளி தொப்புளுக்குக் கீழே என்றால் கயிறு அதன்மேலேயே கிடக்கும். இதை நர்ஸ் முதல் நாளே வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால், கறுப்பு நூல் கயிற்றுக்கு மாறி வந்துவிடுவார்கள். சிமுலேஷன் கட்டிலில் வைத்துச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

கட்டிலில் நடப்பதையும் கொஞ்சம் பக்கத்திலிருந்து பாருங்கள். கட்டில் கட்டையாக, மெத்தை இல்லாமல் இருக்கும். அறை குளிரும். வேட்டியை இடுப்புக்குக் கீழே இறக்கியிருக்கும். இளம் பெண் டெக்னாலஜிஸ்ட் ஒருவர் வயிற்றில் மார்க்கரால் புள்ளியைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். பெரியவர் கூச்சத்தில் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். 'ஆடாதீங்க' என்று ஒரு அதட்டல் போட்டால் இன்னும் இறுகுவார். இடுப்புத் தசை இறுகினால் தோல் இழுபடும், உள்ளே சுரப்பியும் அசையும். நாம் அந்த இறுக்கத்தோடு லேசரைச் சரிபார்த்துவிட்டு வெளியே வருவோம். ஒரு நிமிடத்தில் அவர் தளர்வார். சரிபார்த்தது அதோடு போச்சு. நல்ல டெக்னாலஜிஸ்ட் முதலில் போர்வை போர்த்திவிட்டு, 'உடம்பைத் தளர்த்தி விடுங்கப்பா, நாங்க நகர்த்திக்கிறோம், நீங்க உதவி பண்ண வேண்டாம்' என்பார். அந்த வாக்கியத்துக்கும் அதன்பின் காத்திருப்பதற்கும் அரை நிமிடம் ஆகும். ஒரு நோயாளிக்கு இத்தனை நிமிடம் என்று நீங்கள் போடும் கணக்கில் அந்த அரை நிமிடம் இருக்கிறதா?

இத்தனை நாள் இதெல்லாம் ஓரளவு ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. சிகிச்சை ஏழு வாரத்துக்கு மேல் நீண்டது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 37 நாளில் 74 கிரே, நாளுக்கு 2 கிரே (கிரே என்பது கதிரின் அளவு). ஒருநாள் பிசகினால் முப்பத்தேழில் ஒரு பங்கு. பிரிட்டனின் சிஹெச்ஹெச்ஐபி ஆய்வு 2016இல் 20 நாளில் 60 கிரே கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. நம் ஊரிலும் அது பரவிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வரம், படுக்கை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். அடுத்து பேஸ்-பி ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. தகுதியான, அதிக ஆபத்தில்லாத நோயாளிகளுக்கு ஐந்தே நாள், மொத்தம் 36.25 கிரே. நாளுக்கு 7.25. இப்போது ஒருநாள் குடல் உப்பியிருந்தால் முழுச் சிகிச்சையில் ஐந்தில் ஒரு பங்கு பிசகும். மறுநாள் சமனாகிவிடும் என்று சொல்ல நாட்களே இல்லை. ஐந்து நாள் சிகிச்சை தருகிறோம் என்று விளம்பரப் பலகை வைக்கிற மையங்கள் அதற்கு முன் காத்திருப்பு அறையைச் சரிசெய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இதையெல்லாம் பார்த்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? வெளியே வரிசை நீள்கிறது, காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. உண்மை. ஆனால் நான் கேட்பது மெஷின் நேரத்தை அல்ல. சொல்லப்போனால் ஆள் கட்டிலில் ஏறியபின் வேலை சட்டென்று முடிய வேண்டும். படுத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீர்ப்பை நிறையும், வாயு இடம் மாறும், எடுத்த படம் பழசாகும். தயாராகாத ஆளைக் கட்டிலில் ஏற்றி, படம் எடுத்து, இறக்கி, மறுபடி ஏற்றுவதில்தான் உங்கள் மெஷின் நேரம் கரைகிறது. தயாரானவருக்கு ஒரு படம், ஒரு சின்ன நகர்த்தல், ஓரிரு சுற்று, முடிந்தது.

அதற்கு வேண்டியது இவைதான். பங்கருக்கு, அதாவது மெஷின் அறைக்கு, பக்கத்திலேயே, பூட்டுப் போடாத, வழுக்காத, கைப்பிடி வைத்த கழிப்பறை. இப்போது பல இடங்களில் அது காரிடாரின் அந்தக் கோடியில், சில இடங்களில் அடுத்த மாடியில் இருக்கிறது. புரோஸ்டேட் நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே நேரப் பகுதியில் வைத்து, மெஷின் தாமதமானால் 'இன்னும் தண்ணி குடிக்காதீங்க' என்று சொல்ல வெளியே ஒரு ஆள். நர்ஸாக இருக்க வேண்டியதில்லை, விவரம் தெரிந்த உதவியாளர் போதும். கையடக்க பிளாடர் ஸ்கேனர் ஒன்று: வயிற்றில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பையில் எவ்வளவு என்று காட்டிவிடும், கட்டிலில் ஏற்றிப் பார்க்கத் தேவையில்லை. அப்புறம் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள். அதில் வயிறு தினமும் போக வேண்டியது ஏன், போகாவிட்டால் யாரிடம் சொல்வது, எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது இருக்கட்டும். வாயு உண்டாக்கும் சாப்பாடு பற்றி எழுதும்போது இணையத்திலிருந்து எடுத்த வெள்ளைக்காரர் பட்டியலைப் போடாதீர்கள். புரோக்கோலி சாப்பிடாதீர்கள் என்று செய்யாற்றுக்காரரிடம் சொல்லி என்ன பயன்? மொச்சை, சுண்டல், முட்டைக்கோஸ் என்று எழுதுங்கள். மலமிளக்கி வேண்டுமா என்பதை டாக்டர் எழுதட்டும். தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது, கூட வந்த மகளிடமோ மனைவியிடமோ ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் அதை நடத்தப்போவது அவர்கள்தான்.

மலக்குடலைத் தள்ளிவைக்கும் ஜெல், சுரப்பியின் இடம் படத்தில் தெரிய உள்ளே வைக்கும் தங்க விதைகள், எம்.ஆர்.ஐ. பொருத்திய மெஷின் எல்லாம் நல்லவைதான், நான் எதிரி இல்லை. முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத துறையில் ஜெல் பற்றிய கருத்தரங்கு நடக்கும்போது, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

கடைசியாக ஒன்று, இதற்குப் பணமே வேண்டாம். படம் சரியில்லை என்றால் நிறுத்தும் உரிமையைக் கன்சோலில் இருப்பவருக்கு எழுத்தில் கொடுங்கள். மலக்குடல் இந்த அளவைத் தாண்டினால், சிறுநீர்ப்பை இந்த அளவுக்குக் கீழே இருந்தால், இறக்கிவிட்டு மறுபடி தயார்படுத்தலாம், டாக்டரைக் கூப்பிடலாம் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு பக்கம் கன்சோலுக்கு மேலே ஒட்டியிருக்கட்டும். இன்றைக்கு அப்படி நிறுத்துகிற டெக்னாலஜிஸ்டைப் பார்த்து, 'உனக்கு மட்டும் ஏன் தினமும் லேட்டாகுது?' என்றுதான் கேட்கிறார்கள். அவன் இரண்டு முறை கேட்டுக்கொள்வான், மூன்றாம் முறை படத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல, பொருந்துகிறது என்று 'மேட்ச்' அழுத்திவிடுவான். அடுத்த துறைக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிடுங்கள். அளவுகளை உங்கள் பிசிசிஸ்டும் டாக்டரும் சேர்ந்து முடிவுசெய்யட்டும். எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் ஒருவன்